உருகும் உறைமண் தாளடி வயலுக்குச் சொல்லும் சேதி

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். "சார், தாளடி நட்டு பன்னெண்டு நாள் ஆச்சு. பயிர் பச்சை புடிக்கவே இல்லை. ரெண்டு தரம் யூரியா போட்டாச்சு. கடையில சொன்னாங்கன்னு ஜிங்க் சல்பேட்டும் போட்டேன். அப்படியே மஞ்சளா நிக்குது" என்றார்.

நேரில் போய்ப் பார்த்தேன். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. காலை வைத்தால் சேற்றின் அடியிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று கிளம்பியது. கூடவே அழுகிய முட்டை வாடை. ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்துப் போயிருந்தது.

"குறுவை அறுத்து எத்தனை நாள்ல நட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு நாள்தான் சார். மழை புடிச்சிக்கிட்டா நட முடியாதுன்னு, மிஷின் போன கையோட வைக்கோலையும் சேர்த்து கேஜ் வீல் போட்டு மிதிச்சுட்டேன்."

காரணம் அதுதான். தண்ணீரை வடித்து நான்கு நாள் காயவிடச் சொன்னேன். அடுத்த வாரம் புது வெள்ளை வேர் விட்டு, பயிர் தெளிந்துவிட்டது. யூரியாவுக்கும் ஜிங்குக்கும் கொடுத்த பணம் மட்டும் திரும்பவில்லை.

இன்னும் சில வாரங்களில் குறுவை அறுவடை தொடங்கிவிடும். அதற்குள் இந்தக் குமிழியைப் பற்றி உங்களிடம் பேசிவிட வேண்டும். பேச்சைச் சைபீரியாவிலிருந்து தொடங்குகிறேன். நம் வயலில் நடப்பதும் அங்கே நடப்பதும் ஒரே வேலை. செய்வதும் ஏறக்குறைய ஒரே கூட்டம்.

பனிக்குள் பூட்டிய கரி

ரஷ்யாவின் சைபீரியா, அலாஸ்கா, வட கனடா ஆகிய பகுதிகளில் மண் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும் நிலத்தை 'நிரந்தர உறைமண்' என்கிறோம். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வளர்ந்து மடிந்த புல், பாசி, வேர் எல்லாம் மட்காமல் அதற்குள் கிடக்கின்றன. நெல்லைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் முளைக்காமல் கிடப்பது போலத்தான் இதுவும்.

வட துருவத்தைச் சுற்றியுள்ள இந்த மண்ணில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருப்பதாக விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். இன்று காற்றில் இருக்கும் கரிமத்தைப் போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பூமி சூடாகச் சூடாக இந்தப் பூட்டு திறக்கிறது. மண் உருகியதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. பல ஆண்டுகளாகச் சாகாமல் உறங்கியவையும் விழிக்கின்றன. 2016-இல் சைபீரியாவின் யமால் பகுதியில் கடும் வெப்பத்தின்போது அடைப்பான் நோய் கிளம்பி, 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன. ஒரு சிறுவனும் இறந்தான். மண்ணில் பழைய காலத்திலிருந்து தங்கியிருந்த நோய் வித்துகள் உருகிய நிலத்திலிருந்து வெளிவந்ததே காரணம் என்று கருதப்படுகிறது.

உழவர் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. உருகிய நிலத்தில் தண்ணீர் வடிந்து காற்றோட்டம் கிடைத்தால், நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தைத் தின்று கரியமில வாயுவாக விடுகின்றன. அதே நிலம் உள்வாங்கிக் குட்டையாகித் தண்ணீர் தேங்கினால், வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுத்து மீத்தேனாக விடுகின்றன. மண் ஒன்று, மட்கும் பொருள் ஒன்று. தண்ணீர் நிற்கிறதா வடிகிறதா என்பதைப் பொறுத்து வெளிவரும் வாயு மாறுகிறது. தாளடி வயலும் இதே கணக்கில்தான் நடக்கிறது.

நம் மண்ணுக்குத் தூக்கமே இல்லை

மட்கும் வேகம், பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சைபீரியாவில் குளிர் கரிமத்தைக் காத்தது. மன்னார்குடியில் அந்தக் காவல் கிடையாது. மார்கழியிலும் நம் மண்ணின் நுண்ணுயிர் தூங்குவதில்லை. நம் வயலில் கரிமத்தைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: காவிரி கொண்டுவந்து சேர்த்த களிமண், ஆண்டில் பல மாதம் நிற்கும் தண்ணீர்.

உங்கள் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். கரிமச் சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் அதிகம். இந்தச் சிறிய எண்ணுக்குள் எவ்வளவு எடை இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கரில், அதாவது மூன்று மாவில், மேல் அரை அடி மண் சுமார் 9 லட்சம் கிலோ. அதில் 0.5 சதவீதம் என்றால் 4,500 கிலோ கரிமம்.

இதை 0.6 ஆக்க 900 கிலோ கரிமம் மண்ணில் நிலையாகச் சேர வேண்டும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோலை மடக்கி உழுதால் அதில் சுமார் 800 கிலோ கரிமம் இருக்கும். அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் ஓராண்டுக்குள் தின்று காற்றில் விட்டுவிடும். பத்தில் ஒரு பங்கு நிலைத்தால், ஆண்டுக்கு 80 கிலோ. ஆக, 0.1 சதவீதம் ஏற்றவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரே போகத்தில் கரிமத்தை இரண்டு மடங்காக்குகிறோம் என்று பாட்டிலையும் பொட்டலத்தையும் நீட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

சேர்ப்பது மெதுவாக நடக்கிறது. இழப்பது வேகமாக நடக்கிறது. அதனால்தான் தாளையும் வைக்கோலையும் எப்படி மட்க வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

சேற்றுக்குள் நடப்பது என்ன?

வயலில் தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் மண்ணில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் நுண்ணுயிர்கள் வரிசையாக ஒவ்வொரு சேமிப்பிலும் கை வைக்கின்றன. முதலில் நைட்ரேட்; கோடையில் மண்ணில் சேர்ந்த தழைச்சத்து இப்படித்தான் வாயுவாகிப் போகிறது. பிறகு மாங்கனீசு, இரும்பு. அடுத்து சல்பேட்; அழுகிய முட்டை வாடை இந்தக் கட்டத்தில் வருகிறது. எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முழு மூச்சாக இறங்குகின்றன.

பச்சை வைக்கோல் இல்லாத வயலில் இந்த வரிசை முடிய இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் பயிர் வேர்விட்டுத் தேறிவிடும். அறுத்த சூட்டோடு வைக்கோலை மிதித்த வயலில் நுண்ணுயிருக்கு விருந்தே வைத்தாயிற்று. வரிசை சில நாளில் முடிந்துவிடும். நட்ட நாற்று வேர் ஊன்றும் முன்பே வேருக்கு ஆகாத அமிலங்களும் வாயுக்களும் சூழ்ந்துகொள்கின்றன. போட்ட யூரியாவையும் முதலில் நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்கின்றன, வைக்கோலை மட்க வைக்க அவற்றுக்குத் தழைச்சத்து தேவை. பயிர் மஞ்சளாக நிற்பது இதனால்தான்.

உண்டான மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியே புகைபோக்கி போல வெளியேறுகிறது. இந்த வாயுவுக்கு வாடை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. நாம் பார்க்கும் குமிழி அதன் ஒரு சிறு அடையாளம் மட்டுமே.

'தாளடி' என்ற பெயரையே யோசித்துப் பாருங்கள். முந்தைய பயிரின் தாள் மட்கும் இடத்தில் நடுகிற பயிர். நம் முன்னோர் காலத்தில் கதிரோடு வைக்கோலும் களத்துக்குப் போனது. வயலில் நின்றது அடித்தாள் மட்டும். இன்று அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே கொட்டிவிட்டுப் போகிறது. மழை பிடித்துவிட்டால் வைக்கோல் கட்டும் இயந்திரமும் இறங்காது. பெயர் பழையதுதான், தாளின் அளவு பல மடங்கு கூடிவிட்டது.

மீத்தேன்: மன்னார்குடிக்குப் புதிய சொல் இல்லை

மீத்தேன் என்றதும் உங்களில் பலருக்குப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-இல் மன்னார்குடி வட்டாரத்துக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. நம்மாழ்வார் ஐயா தம் கடைசி நாட்கள் வரை அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. அந்த மீத்தேன் ஆழத்தில் இருப்பது. நான் சொல்வது மேல் அரை அடியில், நம் கையாலேயே உண்டாவது.

அப்படியானால் பூமி சூடாவதற்கு நெல் விவசாயிதான் குற்றவாளியா? அப்படி யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மனிதர்களின் செயல்களால் வெளிவரும் மீத்தேனில் நெல் வயல்களின் பங்கு உலக அளவில் பத்து சதவீதத்துக்கு உட்பட்டதுதான். அதுவும் கோடிக்கணக்கானோர் சாப்பிடும் சோற்றுக்காக வருவது. எண்ணெய்க் கிணறுகளில் கசிந்து வீணாகும் மீத்தேனையும் இதையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது.

ஆனாலும் இதைக் குறைப்பது நமக்கே நல்லது என்கிறேன். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, மீத்தேன் கிளம்பும் வயல் என்றால் வேர் மூச்சுத் திணறும் வயல் என்று பொருள். உலகத்துக்கு முன்னால் நஷ்டம் உங்கள் மூட்டைக் கணக்கில்தான் விழுகிறது. இரண்டு, சூட்டின் அடி நம் மேலும் விழும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையின் நீண்ட காலப் பதிவுகளை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கோடைப்பட்ட நெல் விளைச்சல் பத்து சதவீதம் குறைந்ததை அது காட்டியது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல் சூடாக்கும். ஆனால் அது காற்றில் தங்குவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலன் நம் பிள்ளைகள் காலத்திலேயே தெரியும். சைபீரியாவில் உருகிய மண்ணை யாராலும் திருப்பி உறைய வைக்க முடியாது. நம் வயலின் மடை நம் கையில் இருக்கிறது.

இந்தப் பட்டத்தில் என்ன செய்யலாம்?

முதலாவது, வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் இடையே நாள் விடுங்கள். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி 2019-இல் திருத்திய கணக்கு முறைப்படி, நீர் கட்டுவதற்கு 30 நாளுக்கு முன்பே மடக்கிய வைக்கோலால் கூடும் மீத்தேன், கடைசி நேரத்தில் மடக்கியதைப் போல ஐந்தில் ஒரு பங்குதான். தாளடியில் 30 நாள் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். குறுவை அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே நாற்றங்கால் விட்டுவிட்டால், அறுவடைக்கும் நடவுக்கும் இடையே பதினைந்து நாளாவது கிடைக்கும். அறுத்ததும் ஈரப்பதத்தில் ஓர் உழவு போட்டு, தண்ணீர் கட்டாமல் விடுங்கள். அந்தப் பதினைந்து நாளும் காற்றோட்டத்தில் மட்கட்டும்.

அதற்கும் நேரம் இல்லை என்றால் வைக்கோலை வெளியே எடுங்கள். மாட்டுக்கு ஆகும், வரப்போரம் குவித்து எருவாக்கினால் அடுத்த பட்டத்துக்கு ஆகும். எரிக்க மட்டும் வேண்டாம். ஒரு டன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை சாம்பல் சத்து இருக்கிறது. விற்பவர்களும் இதைக் கணக்கில் வையுங்கள். கட்டுக்கு வரும் காசோடு பொட்டாஷும் லாரி ஏறிப் போகிறது.

இரண்டாவது, காய்ச்சலும் பாய்ச்சலும். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பிறகு, வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில் அடிப்பகுதி முழுக்கத் துளையிட்டு, 20 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும், ஒரு வாரம் முன்னும் பின்னும், தண்ணீர் நிறுத்துங்கள். ஒரே ஒரு முறை வடித்துக் காயவிட்டாலே மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்; பல முறை செய்தால் பாதியை நெருங்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. யூரியாவை அள்ளிப் போட்டுவிட்டு வயலைக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கிளம்பும். அது மீத்தேனைவிட மோசமானது. காய்ச்சல் முடிந்து, தண்ணீர் பாய்ச்சும் சமயத்தில் அளவோடு உரமிடுங்கள். இலை வண்ண அட்டை இருந்தால் அதைப் பார்த்துப் போடுங்கள். களிமண் வயலைப் பாளம் பாளமாக வெடிக்க விட வேண்டாம். மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் பாய்ச்சிவிடுங்கள்.

மூன்றாவது, கோடை மண்ணைச் சும்மா விடாதீர்கள். காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் வாசனை வருகிறதே, அது ஒரு வகை நுண்ணுயிரின் வேலை. அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக் கரியமில வாயுவையும் தழைச்சத்தையும் விடுவிக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவில் பர்ச் என்ற மண் ஆய்வாளர் 1950-களிலேயே இதை விளக்கினார். சைபீரிய உருகலுக்கு நம் ஊர் இணை இதுதான். அப்போது வரும் தழைச்சத்தை வாங்கிக்கொள்ள வயலில் பயிர் வேண்டும். சம்பா, தாளடித் தரிசில் உளுந்தோ பயறோ, கோடை மழையில் தக்கைப்பூண்டோ சணப்போ நின்றால் அது வீணாகாது. பசுந்தாளையும் பூக்கும் தருணத்தில் மடக்கி, நடவுக்கு முன் பத்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

விவசாயி மட்டும் செய்ய முடியாதது

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். ஒரு கூட்டத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றி விளக்கி முடித்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "வடிச்சிடுறேன் தம்பி. மறுபடி ஆத்துல தண்ணி வரும்னு நீ எழுதிக் குடுப்பியா?"

என்னிடம் பதில் இல்லை. வயலில் நிறுத்தும் தண்ணீர் விவசாயிக்குக் காப்பீடு. முறை எப்போது வரும் என்று தெரியாதவர், இருக்கிற தண்ணீரை எப்படி விடுவார்? ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தது. அணை தாமதமாகத் திறந்தால் ஆற்றுநீரை நம்பிய குறுவை தள்ளிப் போகிறது. அறுவடை மழையில் சிக்குகிறது. தாளடிக்கு முன் இருக்கும் இடைவெளி சுருங்குகிறது. வைக்கோல் சேற்றில் மிதிபடுகிறது. கர்நாடகத்தில் தொடங்கும் தாமதம் கடைசியில் நம் வயலில் குமிழியாக வந்து முடிகிறது.

ஆகவே என் கருத்து இது. தண்ணீரைக் குறையுங்கள் என்று விவசாயியிடம் சொல்வதற்கு முன், நீர்வளத் துறை முறைப்பாசனத் தேதியை வாய்க்கால் வாரியாக முன்கூட்டியே அறிவித்து, அதன்படி விட வேண்டும். மூணாறு தலைப்புக்குக் கீழே கடைமடை வரை அந்தத் தேதி செல்லுபடியாக வேண்டும். வடிகால்களைப் பருவத்துக்கு முன்பே தூர்வார வேண்டும். ஐப்பசி அடைமழையில் வடிய வழியில்லாத வயலைக் காயவிடச் சொல்வது வெறும் பேச்சு. வைக்கோல் கட்டும் இயந்திரம் அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே வரும்படி வாடகைக்குக் கிடைக்க வேண்டும்.

கரிம வரவு என்ற பெயரில் பணம் தருவதாகச் சில நிறுவனங்கள் கிராமங்களுக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம்? அளப்பது யார், எப்படி? ஆற்றில் தண்ணீர் வராமல் முறை தவறினால் நஷ்டம் யாருக்கு? பதில் தமிழில் எழுத்தாக இருக்க வேண்டும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிர் மஞ்சளாக இருக்கிறது என்று அழைப்பு வந்தால், உரத்தின் பெயரைச் சொல்லும் முன் "அறுத்து எத்தனை நாளில் நட்டீர்கள்?" என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

விவசாயிகளே, தாளடி நட்ட பத்தாம் நாள் வயலில் இறங்கி நாலு எட்டு வையுங்கள். குமிழி வந்தால் ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்திருந்தால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். வடிமடையைத் திறந்துவிடுங்கள்.